பெயர் வெட்டிய டம்ளர்

18 ஜூலை 2025, வெள்ளி.

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு தவறு.

'நிர்மலாதேவி மேடம் இறந்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறேன்.

இறக்கவில்லை.

காவியா போனில் அழுதுகொண்டே சொன்னதை நம்பி, சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். இன்று காலை அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தேன்.

அடித்த பிறகுதான் கவனித்தேன். அந்தப் பக்கத்திலேயே அந்த ஒரு வரிதான் அழகான கையெழுத்தில் இருந்தது.

அது எனக்குப் பிடிக்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். மாலை வகுப்பில் தமிழ்மணி சார் சொல்லிக்கொடுத்த மாதிரியே. "எடுத்த எடுப்புல அலறல் கேக்கணும்! வானிலை அறிக்கை எல்லாம் அப்புறம்!"

சரி. அலறல்.

* * *

"ஐயோ... மேடம்!"

அலறியது காவியா.

நாற்காலி சரிந்தது. எவர்சில்வர் டம்ளர் 'டணார்' என்று தரையில் விழுந்து, சுவரோரம் வரை உருண்டு போய் நின்றது.

நிர்மலாதேவி மேடம் தரையில் கிடந்தார். முகமெல்லாம் வியர்வை. உதடு வெளுத்திருந்தது. கை மட்டும் எதையோ எழுதுவதுபோல் காற்றில் அசைந்தது.

"ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்கடா!"

"மேடம்... இங்க பாருங்க... மேடம்!"

எல்லோரும் ஓடினார்கள்.

நான் ஓடவில்லை. ஃப்ளாஸ்க்கைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

ஏனென்றால் அவர் கடைசியாகக் குடித்தது என் கையால் ஊற்றிய சுக்குக் காபி!

இடம், தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தட்டச்சுப் பள்ளியின் மாடி. பகலில் வேலைக்குப் போகிற ஏழு பேர் அங்கே மாலையில் கதை எழுதப் படிக்கிறோம். சொல்லிக்கொடுப்பவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் நிர்மலாதேவி. காரிமங்கலத்துக்காரர். சிறுவர் நாவல்கள் இருபத்தேழு எழுதியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எனக்கு எதுக்குங்க தனியா புள்ள? ஜில்லா பூரா இருக்குதுங்க" என்பார்.

இன்னொருவர் தமிழ்மணி. 'திகில்' தமிழ்மணி என்றால் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் தெரியும். பாக்கெட் நாவல்கள் அறுபத்திரண்டு. ஆடி வெயிலிலும் கறுப்புச் சட்டைதான் போடுவார்.

நான் வெண்மதி. நல்லம்பள்ளியில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறேன். உரம் மட்டுமல்ல, அங்கே பூச்சிமருந்தும் உண்டு. இதை நானே இப்போது சொல்லிவிடுகிறேன். எப்படியும் போலீஸ் சொல்லப்போகிறார்கள்.

விழுவதற்குச் சற்று முன்னால் மேடம் காவியாவின் கதையைப் படித்துக்காட்டிக் கொண்டிருந்தார். தவளை ஒன்று ஸ்கூட்டி ஓட்டுகிற கதை. லைசென்ஸ்கூட இல்லை அந்தத் தவளைக்கு!

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் கதையை எடுத்தார். மூன்று முறை திருத்தி எழுதிய கதை.

"வெண்மதி... இதுல ஒரு தப்பு இல்ல கண்ணு."

"தேங்க்ஸ் மேடம்."

"அதான் தப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். காவியா கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து போய்க் காபி ஊற்றினேன். வகுப்புக்கு ஒருவர் முறை வைத்துக் குடிக்க ஏதாவது கொண்டுவருவோம். நேற்று என் முறை. எங்களுக்கெல்லாம் காகிதக் கப். மேடத்துக்கு மட்டும் 'நி.தேவி' என்று பெயர் வெட்டிய டம்ளர். எப்போதும் வகுப்பு அலமாரியிலேயே இருக்கும். நம் வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவார்களே, அந்த மாதிரிப் புள்ளிப் புள்ளியாய் எழுத்து. யாரோ வாசகர் பரிசாகக் கொடுத்ததாம்.

எனக்கு அந்த டம்ளர்மேலும் பொறாமை. நேற்று இருந்த கோபத்தில் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் ஊற்றினேன்.

மேடம் ஒரு மடக்குக் குடித்தார்.

"என்னாடி இது, இப்படிக் கசக்குது?"

"சுக்கு கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சுங்க மேடம்."

'நீங்க என் கதையைச் சொன்னதைவிடவா கசக்குது?' என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனம் நோகக்கூடாதென்று அவர் முழுவதையும் குடித்தார்.

* * *

இன்று காலை. அதே மாடி.

இன்ஸ்பெக்டர் அன்பரசி என் எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"பேரு?"

"வெண்மதிங்க."

"வேலை?"

"உரக்கடையில பில்லிங்குங்க."

"பூச்சிமருந்து விக்கறீங்களா?"

"நான் விக்கறதில்லீங்க. பில்லு மட்டும்தான் போடுவேன்."

"பில்லு போட்டு எடுத்தியா... போடாம எடுத்தியா?"

நான் கடையின் பில் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன்.

"அந்தம்மா மேல உனக்குக் கடுப்பாமே?"

"யாருங்க சொன்னது?"

இன்ஸ்பெக்டர் கழுத்தை மட்டும் திருப்பினார். மூலையில் காவியா. அழுது அழுது மூக்கு வீங்கியிருந்தது.

"அக்கா, சத்தியமா நான் அப்படிச் சொல்லலக்கா! கொஞ்சம்னுதான் சொன்னேன்!"

"'நெறைய'ன்னு சொன்னம்மா நீ" என்றார் இன்ஸ்பெக்டர். "எழுதி வெச்சிருக்கேன்."

அப்போது அவர் செல்போன் அடித்தது. மருத்துவமனையிலிருந்து.

"ஆங்... சொல்லுங்க டாக்டர்... பூச்சிமருந்து இல்லையா? விதையா? பொடி பண்ணியா... சரி... கண்ணு முழிச்சாங்களா? இல்லையா... ம்ம்."

வைத்தார். விதையின் பெயரைச் சொன்னார். எல்லோரும் பார்த்த செடிதான். பூ அழகாக இருக்கும். பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியும்.

"ஃப்ளாஸ்க்குல ஒண்ணுமில்ல" என்றார் இன்ஸ்பெக்டர். "டம்ளர்ல மட்டும்தான் இருக்குது. டம்ளர்ல ஊத்தினது நீ. எடுத்துக் குடுத்ததும் நீ. அப்புறம் இன்னொண்ணு. அந்தம்மா ஹேண்ட்பேக்ல ஒரு பொட்டலம். அதே விதை. அதை எப்படிம்மா வெச்ச?"

"நான் எதுக்குங்க அவங்க பேக்ல..."

"இன்ஸ்பெக்டர் மேடம்! அந்தப் பொண்ண விட்டுடுங்க!"

கணீரென்று ஒரு குரல்.

வாசலில் கறுப்புச் சட்டை!

இன்ஸ்பெக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

"சார்... நீங்க... திகில் தமிழ்மணி சாரா? உங்க 'கடைசிப் பெட்டியில் ஒரு கைக்குட்டை'ய ட்ரெய்னிங்ல ஒளிச்சு வெச்சுப் படிச்சு, மாட்டிக்கிட்டு, கிரவுண்டு முழுக்க ஓட விட்டாங்க சார் என்னை!"

"சந்தோஷம்மா." தமிழ்மணி சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இது கொலை முயற்சி இல்ல. நிர்மலா தனக்குத் தானே பண்ணிக்கிட்ட விபரீதம்."

"புரியலையே சார்."

"அவங்க எப்படி எழுதுவாங்கன்னு ஜில்லாவுக்கே தெரியுமே! கதையில ஒரு பையன் கெணத்துல குதிச்சா, அவங்க முதல்ல கெணத்துல குதிப்பாங்க. புளியமரத்துல ராத்தங்கினா, இவங்களும் தங்குவாங்க. 'கூட்ஸ் வண்டியில் ஒரு குரங்கு' எழுதறப்ப மொரப்பூர் ஸ்டேஷன்ல காலிப் பெட்டியில ஏறிப் படுத்துக்கிட்டு, ரயில்வே போலீஸ்ல ஃபைன் கட்டினாங்க!"

அது உண்மை. அந்த ஃபைன் ரசீதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

"முந்தாநேத்து ராத்திரி எனக்குப் போன் பண்ணினாங்கம்மா. அடுத்த நாவல்ல வில்லன் இந்த விதையைக் காபியில கலந்து குடுக்கறானாம். 'என்ன ருசின்னு தெரியாம எப்படி எழுதறது தமிழ்மணி'ன்னாங்க. விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்... பாவி நான்... தடுத்திருக்கணும்..."

அழுதார். கர்ச்சீப்பும் கறுப்பு.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். கண்ணில் இருந்த கத்தி உள்ளே போய்விட்டது.

"சரிம்மா. நீ வூட்டுக்குப் போ. தேவைப்பட்டாக் கூப்பிடறேன்."

நான் படியிறங்கவில்லை. ஏறக்குறைய உருண்டேன்!

* * *

பேருந்து நிலையம்.

"நல்லம்பள்ளி, தொப்பூர்! ஏறு, ஏறு, ஏறு!"

நடத்துநர் கத்திக்கொண்டிருந்தார். ஒரு காலைப் படியில் வைத்தேன்.

அங்கேதான் அது உறைத்தது.

கதையில் வில்லன் விஷம் வைக்கிறான்.

நிர்மலாதேவியின் கதையிலா?

"ஏம்மா, ஏறறியா, எறங்கறியா? பஸ்ஸ என்ன வாடகைக்கா எடுத்திருக்க?"

இறங்கினேன். பஸ் போய்விட்டது.

"அக்கா! வெண்மதி அக்கா!"

காவியா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "சாரிக்கா... அவங்க மெரட்டினாங்க, வாயில வந்துடுச்சுக்கா..."

"அத விடு. காவியா, மேடம் எழுதினதுல நீ எத்தன படிச்சிருக்க?"

"அது... ரெண்டு... ஒண்ணரை இருக்கும்க்கா."

"நான் இருபத்தேழும் படிச்சேன். ரெண்டு தரம்."

"உனக்கு அவங்களைப் புடிக்காதேக்கா!"

"அதனாலதாண்டி படிச்சேன்!"

தப்புக் கண்டுபிடிக்கத்தான் படித்தேன். பென்சிலும் கையுமாக. ரசிகனாவது நடுவில் நாலு பக்கம் தாண்டுவான். பொறாமை பிடித்தவள் ஒரு வரிகூடத் தாண்டமாட்டாள்.

"அந்த இருபத்தேழுலயும் விஷம் ஒரு தடவைகூட வராது. பேர் சொல்லி ஒரு கெட்ட செடி கெடையாது. மாத்திரை கெடையாது. திருடனுக்கு மயக்கம் வரணும்னாக்கூட அஞ்சு உருண்டை களி தின்னு தூங்கிடுவான். போன மாசம் நான் கிளாஸ்ல கேட்டேனே, நெனப்பிருக்கா?"

காவியாவின் கண்கள் விரிந்தன.

"ஆமாக்கா! 'உங்க ஊர்ல வில்லன் யாருக்கும் பேதி மருந்துகூடக் குடுக்க மாட்டானா மேடம்'னு நக்கலா கேட்டியே..."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

என்ன சொன்னார் என்பது இருவருக்கும் தெரியும்.

மேடத்தின் முதல் நாவல் 'குடை விமானம்'. அதில் ஒரு பையன் குடையைப் பிடித்துக்கொண்டு வைக்கோல் போர்மேல் இருந்து குதித்துப் பறப்பான். அதைப் படித்துவிட்டு நிஜப் பையன் ஒருவன் குதித்தான். தொடை எலும்பு முறிந்தது. மேடம் அவன் நடக்கும் வரை தினமும் போய் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு விதி. கதையில் குழந்தை எதைச் செய்தாலும் முதலில் அவர் செய்து பார்ப்பார்.

"அது பாதிதான் கண்ணு" என்றார் அன்று வகுப்பில். "மீதிப் பாதி என்னன்னா, செஞ்சு பாக்கக் கூடாததை நான் எழுதவே மாட்டேன். படிக்கறதை எல்லாம் செஞ்சு பாக்கற வயசு அது. பேர் தெரிஞ்சா தேடிப் போகும்."

இப்போது புரிகிறதா, அந்த விதையின் பெயரை நான் ஏன் எழுதவில்லை என்று?

அன்று தமிழ்மணி சார் வகுப்பில் இல்லை.

முதல் பாதி ஊருக்கே தெரியும். இரண்டாம் பாதியை அவர் கேட்டதே இல்லை!

"அக்கா..." காவியா என் கையைப் பிடித்தாள். "அப்ப அந்தப் போன் பொய்யா?"

"பொய்."

"போய் சொல்லலாம்க்கா!"

நான் நகரவில்லை.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை. அந்த நிமிடம் நான் கணக்குப் போட்டேன். வாயை மூடிக்கொண்டால் அது விபத்து. நான் வீட்டுக்குப் போகலாம். மேடம் கண் விழிக்காவிட்டால் 'அதான் தப்பு' என்று சிரிக்க ஆளில்லை. வாயைத் திறந்தால் அது கொலை முயற்சி. டம்ளரைக் கொடுத்தவள் நான். பூச்சிமருந்துக் கடைக்காரி. கடுப்பு... 'நெறைய'!

"என்னாக்கா யோசிக்கற?"

"மேடம் என் கதையப் பத்தி என்ன சொன்னாங்க நேத்து?"

"தப்பே இல்லைன்னாங்க. அதான் தப்புன்னாங்க."

அடுத்த நல்லம்பள்ளி பஸ் வந்து நின்றது.

"ஒரு தப்புப் பண்ணிடலாம் வா" என்றேன்.

* * *

மாடியில் தமிழ்மணி சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு பாக்கெட் நாவலை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, திரும்பி வந்துட்ட?"

சொன்னேன். எல்லாவற்றையும். குடை, கால், களி உருண்டை, இரண்டாம் பாதி.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"அப்ப விபத்து இல்லைங்கற."

"ஆமாங்க."

"யாரோ வெச்சிருக்காங்க."

"ஆமாங்க."

"டம்ளரைக் குடுத்தது யாரு?"

"நாந்தாங்க."

"தெரிஞ்சுதான் பேசறியா நீ?"

"தெரிஞ்சுதாங்க."

தமிழ்மணி சார் சிரித்தார். "பாவம், பொண்ணு பயத்துல ஒளறுது. கதை வேற, நிஜம் வேறம்மா."

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"கதைன்னு சொன்னதும் ஞாபகம் வருது சார். அந்தம்மா போன்ல உங்ககிட்டச் சொன்ன கதை... அதை முழுசாச் சொல்லுங்களேன். உங்க வாயால ஒரு கதை கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"அது... வந்து... ஒரு வில்லன்..."

"ம்ம்?"

"பணக்காரன். அவன் பொண்டாட்டிக்குக் காபியில..."

"சிறுவர் கதையில பொண்டாட்டிக்கு விஷமா சார்?"

"இல்ல இல்ல... மாமியாருக்கு!"

காவியா 'களுக்' என்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதுக்கு மாமியாருக்கு?"

"சொத்து... ஒரு வைரம்... வைரத்தை ஒரு குரங்கு..."

"குரங்கு ஏற்கனவே கூட்ஸ் வண்டியில வந்துடுச்சு சார்" என்றேன்.

கறுப்புச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அறுபத்திரண்டு நாவல் எழுதிய மனிதருக்கு... ஒரு கதை வரவில்லை!

இன்ஸ்பெக்டரின் முகத்தில் இருந்த ரசிகை மெல்ல எழுந்து வெளியே போனார். போலீஸ் மட்டும் மிச்சம்.

"முந்தாநேத்து ராத்திரி போன் வந்துதுன்னீங்க. அந்தம்மா செல்லு என்கிட்டதான் இருக்குது சார். லாக் நம்பரைக் காவியா சொன்னா, தெறந்து பாத்துட்டேன். உங்க பேர்ல ஒரு காலும் இல்லையே."

"வாட்ஸப்புல..."

"அதுலயும் இல்ல."

"நேர்ல... நேர்ல சொன்னாங்க!"

"முதல்ல போன். அப்புறம் வாட்ஸப். இப்ப நேர்லயா?"

"சார்..." காவியாதான். மெல்லிய குரல். "நேத்து உங்க கிளாஸ் இல்லையே சார். நான் வர்றப்ப நீங்க மாடியில இருந்து எறங்கினீங்க. பேனாவை மறந்துட்டேன்னு சொன்னீங்க. ஆனா... உங்க பேனா பாக்கெட்லயே இருந்துது."

"உனக்கு எதுக்குடி அந்த வேலை?" என்று பாய்ந்தார் அவர்.

டம்ளர் இருந்த அலமாரியை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

"பொட்டலத்தை எப்ப வெச்சீங்க சார், பேக்ல?" இன்ஸ்பெக்டர் இப்போதும் 'சார்'தான் போட்டார். "ஆம்புலன்ஸுக்கு எல்லாரும் ஓடினப்பவா? சத்தம் கேட்டு கீழ இருந்து ஓடிவந்து, அவங்க பேக்கை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தது நீங்கதானே? ரிசப்ஷன்ல உங்க கையெழுத்து இருக்குது. சாருக்குத்தான் கையெழுத்து அழகாச்சே!"

தமிழ்மணி சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் டீ, பாக்கெட் நாவல்மேல் சிந்தியது. அவருடைய கையெழுத்து ஓடிக் கரைந்தது.

"ஆமாய்யா, ஆமா!" என்று கத்தினார். "என்னதான் பண்ணச் சொல்றீங்க? என் புஸ்தகத்தை பஸ்ல படிக்கறான், எறங்கறப்ப சீட்லயே போட்டுட்டுப் போறான்! கடலை மடிக்கறான்! அவ புஸ்தகத்துக்குப் பழுப்புத் தாள்ல அட்டை போட்டு, பேரெழுதி, புள்ளைக்குக் குடுக்கறாங்க. அந்தப் புள்ள வளந்து அதோட புள்ளைக்குக் குடுக்குது! எந்த ஊருக்குப் போனாலும் 'நிர்மலா மேடம் நல்லாருக்காங்களா?' என்னை ஒருத்தன் கேட்டிருப்பானா, நல்லா இருக்கியாடான்னு?"

"அதுக்காகவா?"

"அடுத்த மாசம் அவளுக்குப் பாராட்டு விழா. மேடையில என்னைப் பக்கத்துல ஒக்கார வெச்சு..."

நிறுத்தினார்.

"வெச்சு?"

"ஒண்ணுமில்ல."

ஜீப்பில் ஏறும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பொறாமை. இன்ஸ்பெக்டர் வழக்கின் காரணத்தை அப்படித்தான் எழுதிக்கொண்டார். நானும் நம்பினேன். அந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டே!

* * *

இன்று மாலை. அரசு மருத்துவமனை.

மேடம் கண் திறந்தார்!

நெஞ்சில் ஒயர். கையில் ஊசி. ஆனால் வாய் மட்டும் வழக்கம்போல.

"வெண்மதி... உன் சுக்குக் காபி ரொம்பக் கேவலம்டி."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொன்னார். மேடம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என் புஸ்தகம் எல்லாத்தையும் ரெண்டு தரம் படிச்சியா?"

"தப்புக் கண்டுபுடிக்கத்தாங்க மேடம்."

"கெடச்சுதா?"

"ஒண்ணே ஒண்ணு. 'புளியமரத்து போலீஸ்'ல பதினோராம் அத்தியாயத்துல ஆட்டுக்குப் பேரு மாறிடுது."

"அடிப்பாவி! முப்பது வருஷமா ஒரு புள்ளகூடக் கண்டுபுடிக்கல!" மேடம் என் விரலைப் பிடித்துக்கொண்டார். "காவியா என் புஸ்தகத்துல ஒண்ணைக்கூட முடிச்சதில்ல. தெரியுமா உனக்கு?"

தெரியும். ஆனால் அவர் வாயால் கேட்க இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரியாது.

"ஆக, பொறாமைதான் மேடம் காரணம்" என்றார் இன்ஸ்பெக்டர். "அவரோட அறுபத்திரண்டு புஸ்தகத்துக்கு மதிப்பில்ல, உங்களோடதுக்கு இருக்குதுன்னு."

மேடம் சிரித்தார். ஒயர் குலுங்கியது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அவரோட அறுபத்திரண்டா?"

"ஆமா மேடம்."

"அதையும் எழுதினது நாந்தாம்மா!"

இன்ஸ்பெக்டர் நின்றபடியே இருந்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எ... என்ன மேடம் சொல்றீங்க?"

"புள்ளைங்க கதையைப் போட அப்ப எவன் முன்வந்தான்? கொலைக் கதை எழுதித்தான் குரங்குக் கதையை அச்சடிச்சேன். ஆனா கொலைக் கதைக்கு என் பேரைப் போட்டா புள்ளைங்க தேடி எடுத்துப் படிக்கும்ல? தமிழ்மணி அப்ப அச்சகத்துல புரூஃப் பாத்துட்டிருந்தாரு. காரணத்தைச் சொல்லாம, பேரை இரவல் குடுங்கன்னேன். குடுத்தாரு. கத்தி, கயிறு, விதை, எல்லாத்தையும் அதுல கொட்டிடுவேன். மனசு சுத்தமாயிடும். அப்புறம் உக்காந்து தவளைக்கு எழுதலாம்."

"அப்ப... விழா மேடையில..."

"போன ஞாயித்துக்கெழமை அவருகிட்டச் சொன்னேன். 'வயசாச்சு தமிழ்மணி, விழாவுல உண்மையைச் சொல்லிடறேன், பக்கத்துல வந்து ஒக்காருங்க'ன்னு. தலையை ஆட்டினாரு. பாவம், மறுநா காலையில இருந்து திகில் தமிழ்மணின்னு ஒரு ஆளே இருக்க மாட்டானேன்னு நான் யோசிக்கல."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப ட்ரெய்னிங்ல கிரவுண்டு முழுக்க நான் ஓடினது உங்களாலயா?"

"மன்னிச்சுடும்மா."

தமிழ்மணி சார் வகுப்பில் சொன்னதையெல்லாம் சிவப்பு மையில் எழுதி மனப்பாடம் செய்தவள் நான். அதெல்லாம் இவர் சொல்லிக்கொடுத்து அவர் ஒப்பித்தது. இரண்டு வருடமாக நான் பொறாமைப்பட்டதும் இவர்மேல். கும்பிட்டதும் இவரை. கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது.

"மேடம், அந்த அறுபத்திரண்டுலயும் ஒரு கொலைகாரன்கூட இவ்வளவு சுலபமா மாட்ட மாட்டானே. இவரு எப்படி இப்படிச் சொதப்பினாரு?"

நிர்மலாதேவி மேடம் பெருமூச்சு விட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"என்னைக் கேக்காமப் பண்ணிட்டாரே கண்ணு! ஒரு வார்த்தை கேட்டிருந்தா, மாட்டாத மாதிரி நானே எழுதிக் குடுத்திருப்பேன்!"

நாளைய வேலை: காலையில் மேடத்துக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போகவேண்டும். முதல் டம்ளரை நான் குடித்துக் காட்டவேண்டும். இன்ஸ்பெக்டர் உத்தரவு.